பதினாலாம் அறையில் மைனஸ் ஒன்று

23-4-07, திங்கள்

ஏழு மணிக்கே வெயில். விருதுநகர் ஸ்டாண்டில் 7.40 பஸ், ஜன்னலோர இடம். எழுதி வைக்க வேண்டிய அதிசயம்.

சிவகாசி ஆபீஸில் தனபால் அண்ணாச்சி எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். நாலு பேர் வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் கம்பெனிக்கு முதலாளி, முகத்தைப் பார்த்தால் பரீட்சையில் தோற்றவர் மாதிரி.

"பாத்திமா, தாயில்பட்டி கேட் புரோகிராம் சனிக்கிழமை படுத்துருச்சும்மா. அதுவும் இடி நேரத்துல."

தாயில்பட்டிப் பக்கத்துப் பட்டாசு ஆலைக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த புரோகிராம். ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு அட்டை. காலையில் கேட்டில் அட்டையைக் காட்டி உள்ளே போவார்கள், வெளியே வரும்போது மறுபடி காட்டுவார்கள். எந்த அறையில் எத்தனை பேர், யார் யார் என்று போட்டோவோடு திரையில் தெரியும். சாதாரண நாளில் இதற்குப் பெரிய மதிப்பு கிடையாது. இடி இடித்தால்தான். இடி என்றால் மருந்து அறையில் ஒருவர்கூட இருக்கக் கூடாது. தண்டவாளத் துண்டில் மணி அடிப்பார்கள், எல்லோரும் போட்டது போட்டபடி கேட்டுக்கு வெளியே. திரையில் எல்லா அறையும் பூஜ்யம் ஆகிறதா என்று பார்ப்பதற்குத்தான் இந்தப் புரோகிராமே.

சனிக்கிழமை மூன்று மணிக்கு இடி. பாதிப் பேர் வெளியே வந்ததும் புரோகிராம் விழுந்தது. கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துவிட்டது, பன்னிரண்டு நிமிடம். பிறகு காலையில் அச்சடித்த பட்டியலை வைத்து வாயால் பெயர் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு பெயருக்குப் பதில் இல்லை. செல்லத்தாயி, 14ஆம் அறை, வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம். போர்மேன் ராமர் இடியோடு உள்ளே ஓடித் தேடியிருக்கிறார். அரை மணி நேரம். கடைசியில் பார்த்தால் அந்தப் பெண் கேட்டுக்கு வெளியே, வேனுக்காக நிற்கும் கூட்டத்திலேயே நின்றுகொண்டிருந்தாளாம்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அண்ணாச்சி இதை மூன்று தடவை சொன்னார்.

வாங்க வேண்டியது: பேனா ரீஃபில், அம்மாவுக்குத் தைலம்.

24-4-07, செவ்வாய்

எங்கள் புரோகிராம் சாகும்போது, அந்த நொடியில் மெமரியில் என்ன இருந்ததோ அதை முழுக்க ஒரு கோப்பில் எழுதிவைத்துவிட்டுச் சாகும். டம்ப் கோப்பு. அதைத் திறந்தால் எதனால் செத்தது என்று தெரியும். நல்ல ஏற்பாடுதான்.

கேட் கிளார்க் கருப்பசாமியிடம் போனில் கேட்டேன். ஐம்பது வயதுக்காரர், நிதானமாகப் பேசுவார்.

"கோப்பு இருக்கா?"
"இருக்கு மேடம். ஆனா பெருசா இருக்கு."
"எம்புட்டுப் பெருசு?"
"ஆயிரத்து இருநூறு எம்பின்னு காட்டுது."

அங்கே இருப்பது டெலிபோன் லைன் இன்டர்நெட். கணக்குப் போட்டேன். மூன்றரை நாள், நடுவில் ஒரு தடவைகூட லைன் அறாமல் இருந்தால். அறாமல் இருந்த சரித்திரம் இல்லை. ஜிப் செய்யச் சொன்னேன். ஹார்ட் டிஸ்க்கில் இடமில்லை என்கிறது. அவரிடம் உள்ள பென் டிரைவ் 256 எம்பி.

கூடவே எழுதப்படும் குட்டிக் குறிப்பு ஒன்று உண்டு, அதை அனுப்பினார். எந்த வரியில் செத்தது என்பது மட்டும் அதில் இருக்கும். போட்டோவைத் திரையில் வரையும் இடத்தில் செத்திருக்கிறது. அந்த இடத்தில் தப்பே இல்லை, நானே எழுதியது, நாலு தடவை படித்துப் பார்த்தேன். வேறெங்கோ ஏதோ ஒரு வரி மெமரியைக் கெடுத்திருக்கிறது, அடி இங்கே விழுந்திருக்கிறது. எங்கே கெட்டது என்று பார்க்க முழுக் கோப்புதான் வேண்டும்.

நாளை நேரில் போகிறேன். அதுவரை மணிக்கு ஒரு தடவை பட்டியலை அச்சடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். கருப்பசாமி: "சரி மேடம். பேப்பர் சாகாதுல்ல."

25-4-07, புதன்

ஆலைப் பக்கம் போனால் பொறி தட்டாத பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும் என்று நினைவு வைத்து அம்மாவின் பழைய துப்பட்டாவை எடுத்துக்கொண்டேன். வெம்பக்கோட்டை பஸ். வழியெல்லாம் கருவேலம், நடுநடுவே தள்ளித்தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். செல்போனை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

கேட் ஆபீஸ் வேலிக்கு வெளியே. வேலிக்கு உள்ளே நான் போகவில்லை, போகவும் கூடாது.

ஆபீஸிலிருந்து கொண்டுபோன ஹார்ட் டிஸ்க்கைச் சொருகினேன். பழைய கம்ப்யூட்டர், நகல் ஆக அரை மணிக்கு மேல். ராமர் டீ வாங்கி வரச் சொன்னார். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும், வலது முழங்கையில் பழைய தழும்பு.

"சாப்பிட்டீகளா?" என்றார் முதலில். பிறகு அவராகவே சொன்னார்.

"பதினாலாம் ரூமுக்குள்ள போயிப் பார்த்தேன். ஆளில்ல. பின்னாடி காயப்போடுற மேடையிலயும் இல்ல. வானம் வெட்டிவெட்டி இழுக்குது. எனக்கு அந்தப் பிள்ளை மூஞ்சியே ஞாபகத்துக்கு வரல மேடம். அதான் ரொம்பச் சங்கடமாப் போச்சு. யாரைத் தேடுறோம்னே தெரியாமத் தேடுறேன்."

போட்டோ இருந்தது உறைந்துபோன திரைக்குள்.

கருப்பசாமி: "அந்தப் பிள்ளை ஏங்கிட்டதான் கடைசியா அட்டையைக் காட்டிருக்கு. அப்பத்தான் இது படுத்துச்சு. நான் கம்ப்யூட்டரப் பார்த்தேன், ஆளைப் பார்க்கல."

பெயர் கூப்பிட்டபோது அவள் ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்டேன். இருவருக்கும் தெரியவில்லை. "பயந்துருக்கும்" என்றார் ராமர்.

திரும்பும் பஸ்ஸில் ஹார்ட் டிஸ்க்கை மடியில் வைத்துத் துப்பட்டாவால் மூடிக்கொண்டேன். பக்கத்து அம்மா, "என்ன, பிள்ளைக்கு மருந்தா?" என்றார்.

26-4-07, வியாழன்

கோப்பு திறக்கவில்லை.

நாலு விதமாகப் பார்த்தேன். முடிவு இல்லாத கோப்பு. எழுதிக்கொண்டிருக்கும்போதே ஹார்ட் டிஸ்க் நிறைந்து பாதியில் அறுந்திருக்கிறது. பன்னிரண்டு நிமிடம் கம்ப்யூட்டரை உறைய வைத்தது இதை எழுதிய வேலைதான். உறைய வைத்து எழுதியதும் வீண்.

ஏன் இவ்வளவு பெரிசு? பத்து நிமிடத்தில் விடை கிடைத்தது. கிடைத்த பிறகு ஒரு மணி நேரம் சும்மா இருந்தேன், ஏனென்றால் விடை அண்ணாச்சி.

அண்ணாச்சி முதன்முதலில் எழுதியது காலண்டர் அச்சகங்களுக்கான புரோகிராம். பெரிய பெரிய சாமி படம். பாதி வேலையில் மெமரி இல்லை என்று நிற்கக் கூடாது என்பதற்காக, திறந்தவுடனேயே 1200 எம்பி இடத்தை மொத்தமாக வாங்கிப் போட்டுவிடும்படி எழுதினார். அந்தக் காலத்தில் எல்லா அச்சகத்திலும் அதைப் பற்றித்தான் பேச்சாம். கேட் புரோகிராம் எழுதும்போது அதே பகுதியை அப்படியே எடுத்துப் போட்டோம். தொழிலாளர் போட்டோவுக்குத் தேவை நாற்பது எம்பிகூட இல்லை. மீதி முழுக்கப் பூஜ்யம். சாகும்போது அந்தப் பூஜ்யங்களையும் ஒன்றுவிடாமல் எழுதுகிறது.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னேன். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது இத்தனை வருசமா ஓடுது. ஒரு தடவை நின்னதில்ல."
"காலண்டர்ல நிக்காது அண்ணாச்சி. இது வேற வேலை."
"டம்ப் எழுதுறதை நிறுத்திப்போட்டா?"
"நிறுத்தினா எதுனால விழுதுன்னு எப்பவுமே தெரியாது. அடுத்த இடிக்கும் விழும்."

கண்ணாடியை மறுபடி மாட்டினார். பிறகு, "அந்த ராமர் உள்ள போனாருல்ல" என்றார். "ம்" என்றேன்.

"மாத்து."

27-4-07, வெள்ளி

செய்ய வேண்டியது ஒரே வரியில்: இடத்தை முன்பதிவு மட்டும் செய், தேவைப்படும்போது தேவைப்பட்ட அளவு மட்டும் வாங்கு. முன்பதிவு மட்டும் செய்த இடம் டம்ப்பில் வராது.

காலை 10: மாற்றினேன். திறந்தவுடன் செத்தது. அண்ணாச்சியின் பழைய வரி ஒன்று, வாங்கிய இடம் முழுவதையும் முதலில் பூஜ்யம் போட்டுத் துடைக்கிறது. இன்னும் வாங்காத இடத்தைத் துடைக்கப் போனால்? அந்த வரியை எடுத்தேன்.

12: ஓடியது. வேண்டுமென்றே சாகடித்தேன். டம்ப் 410 எம்பி. குறைந்தது, போதாது. போட்டோக்களை மெமரியின் கடைக்கோடியிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக வைக்கிறது. தொட்ட பக்கமெல்லாம் வாங்கின கணக்கு.

4: அடியிலிருந்து வரிசையாக அடுக்கும்படி மாற்றினேன். டம்ப் 52 எம்பி. ஆலையின் பழைய கம்ப்யூட்டரிலும் அதற்குச் சில நொடிதான் ஆகும். ஜிப் செய்தால் நாலு எம்பி.

அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இன்னொருக்கா சாகடி" என்றார். சாகடித்தேன். 52. "இன்னொருக்கா." ஆறு தடவை. ஆறாவது தடவை சிரித்துவிட்டார்.

அதோடு இன்னொன்று: விழுந்தால் தானாகவே திரும்ப எழும், கடைசியாக யார் யார் உள்ளே என்பதோடு. அட்டை காட்டும்போதே ஒவ்வொன்றையும் தனியாக எழுதிவைக்கிறது.

வீட்டில் அத்தா: "ஒரு வாரமா என்ன மகளே பண்ற?" சொன்னேன். கடையில் மல்லி மூட்டை போடும் மனுஷனுக்கு உடனே புரிந்தது. "குடோனை மொத்தமா வாடகைக்கு எடுத்துட்டு ஒரு மூலையில நாலு மூட்டை போட்டுருக்கீக, அம்புட்டுத்தானே?"

அம்புட்டுத்தான்.

28-4-07, சனி

ஆலைக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தம் செய்தேன். கருப்பசாமி முன்னால் ஒரு தடவை சாகடித்துக் காட்டினேன். இருபது நொடியில் திரை திரும்ப வந்தது. "ஐ!" என்றார்.

ஆனால் எதனால் விழுகிறது என்பது இன்னும் தெரியாது. மறுபடி விழுந்தால்தான் தெரியும். விழ வேண்டும் என்று நினைப்பதா, வேண்டாம் என்று நினைப்பதா.

தலைவலி. வெயில்தான்.

30-4-07, திங்கள்

மத்தியானம் மேற்கே கறுத்தது. மூன்றேகாலுக்கு முதல் இடி. மூன்று நாற்பதுக்குக் கருப்பசாமியின் போன்.

"மேடம், விழுந்துச்சு. எந்திரிச்சும் உக்காந்துருச்சு. கடைசியா நின்ன பிள்ளையை மறுக்கா அட்டை காட்டச் சொன்னேன். எல்லா ரூமும் சைபர். ராமரண்ணே இங்கனதான் நிக்காரு."

"கோப்பு?"
"அம்பத்தி மூணு. ஜிப் பண்ணி அனுப்பிக்கிட்டு இருக்கேன்."

லைன் ஒரு தடவை அறுந்தது. மறுபடி. ஐந்து மணிக்கு வந்து சேர்ந்தது. அண்ணாச்சி என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவருக்கு அது பழக்கமில்லை.

திறந்தது. மெமரியில் அறை அறையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். 11: பூஜ்யம். 12: பூஜ்யம். 13: மூன்று பேர், இன்னும் வந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

14: மைனஸ் ஒன்று.

ஒரு அறைக்குள் மைனஸ் ஒருவர். நாலு பேர் போன அறையிலிருந்து ஐந்து பேர் வெளியே வந்திருக்கிறார்கள். பட்டியலில் 'மைனஸ் ஒன்றாவது' ஆளை அழிக்கப் போய்ப் பக்கத்தில் இருந்த போட்டோவைக் கெடுத்திருக்கிறது. அந்தப் போட்டோவை வரையப் போகும்போது சாவு.

எண்ணிக்கை பூஜ்யத்துக்குக் கீழே போகிறதா என்று பார்க்கும் வரி இல்லை. எழுதியது நான். அண்ணாச்சியிடம் சொன்னேன். "சரி, ரெண்டு பேரும் ஒண்ணொண்ணு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இந்த ஆள்கிட்ட இன்னும் பத்து வருஷம் வேலை பார்க்கலாம்.

பஸ்ஸுக்கு நேரமாகியும் எழுந்திருக்க மனம் வரவில்லை. ஐந்தாவது ஆள் யார்? அட்டை வரிசையைப் பார்த்தேன். பேச்சியம்மாள், வெளியே. மூன்று நிமிடம் கழித்து மறுபடி பேச்சியம்மாள், வெளியே. அடுத்த அட்டை செல்லத்தாயி.

ஒரே ஆள் இரண்டு தடவை வெளியே வர வேண்டுமானால், நடுவில் ஒரு தடவை அட்டை காட்டாமல் உள்ளே போயிருக்க வேண்டும். இடிக்குள்.

1-5-07, செவ்வாய்

லீவு. துணி துவைத்தேன். அம்மா கோலா உருண்டை.

மணி அடித்த பிறகு யார் உள்ளே போனாலும் அன்றோடு வேலை இல்லை. கேட்டில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். நியாயமான விதி, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

21ஆம் தேதியும் இதேதான் நடந்திருக்கும். அப்போதும் பேச்சியம்மாள்தானா?

2-5-07, புதன்

ஆலை மேனேஜரிடமிருந்து அண்ணாச்சிக்குப் போன். காரணம் தெரிந்ததா, யாரால். அண்ணாச்சி போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஒரு அட்டை ரெண்டு தடவை காட்டப்பட்டிருக்கு. தப்பு புரோகிராம்லதான். அதை மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி."

அதை மட்டும் சொன்னார். வைத்த பிறகு, "யாரும்மா?" என்றார். "நாளைக்கு நேர்ல போயிட்டு வந்து சொல்றேன்." தலையாட்டினார்.

திருத்தம் முடிந்தது. ஒரு அட்டை இரண்டாவது தடவை 'வெளியே' காட்டினால் எண்ணிக்கை குறையாது, திரையில் மஞ்சள் வரி வரும்: இவர் ஏற்கெனவே வெளியே. சரியான திருத்தம். ஆனால் நாளையிலிருந்து பேச்சியம்மாள் உள்ளே போய் வந்தால் பெயரும் போட்டோவுமாக மஞ்சளில் வந்து நிற்கும். என் கையாலேயே.

3-5-07, வியாழன்

மத்தியானச் சாப்பாட்டு நேரம். வேலிக்கு வெளியே வேப்ப மரத்தடியில் தூக்குவாளிகளோடு பெண்கள். பேச்சியம்மாள் எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை, போட்டோவை எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. பக்கத்தில் செல்லத்தாயி, இருபது வயது, சோற்றைப் பிசைந்துகொண்டு பேச்சியம்மாளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தனியாகக் கூப்பிட்டேன். "அக்கா, திங்கக்கிழமை திரும்ப உள்ள போனீகளா?"

முகம் மாறியது. நான் ஆபீஸ் ஆள் இல்லை, கம்ப்யூட்டர் எழுதுகிறவள் என்று சொன்னேன். கூட்டத்திலிருந்து இன்னும் இரண்டடி தள்ளி வந்தார்.

"அவளுக்குக் காது கேக்காது தாயி. சுத்தமா. சின்னதுல காய்ச்சல் வந்து போயிருச்சு. எதுக்க நின்னு பேசுனா வாயைப் பார்த்துப் புரிஞ்சுக்கிடுவா. சொன்னா சேக்க மாட்டாகன்னு சொல்லாமச் சேத்து விட்டோம். மூணு மணிக்கு மேடையில திரியைத் திருப்பிப் போட அவதான் போவா. மணி அடிச்சா எப்படித் தெரியும்? கேட்டுக்கு வந்து பார்க்கேன், அவளக் காணோம்."

"முதல் தடவையும் நீங்கதானா?"

"ஆமா. அவளக் கூட்டியாந்து விட்டேன். எம்பேரைக் கூப்பிட்டு டிக் போட்டதும் முத வேன்ல ஏத்திட்டாக என்னைய. அவ பின்னாலதான் நிக்கான்னு நெனச்சுட்டேன். பெறகு அவ பேரைக் கூப்பிட்டாகளாமே. அவளுக்கு எங்கிட்டுக் கேக்கும்?"

ராமர் இடிக்குள் தேடியபோது அந்தப் பெண் பத்தடி தூரத்தில் நின்றிருக்கிறாள்.

மஞ்சள் வரியைப் பற்றிச் சொன்னேன். இனி மறைக்க முடியாது என்றும். "நீங்களே போர்மேன்கிட்ட சொல்லிருங்க அக்கா. நானும் கூட வாரேன்."

"வேலை போயிரும்."
"போகலாம். ஆனா அடுத்த தடவை நீங்க லீவுன்னா அவளக் கூப்பிட யாரு போவா?"

பேச்சியம்மாள் தூக்குவாளியைக் கழுவினார், நிதானமாக, இரண்டு தடவை. பிறகு செல்லத்தாயியின் எதிரே போய் நின்று, "வா, போயிச் சொல்லிருவோம்" என்று உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னார். அவள் என்னைத்தான் பார்த்தாள். நல்ல பார்வை இல்லை.

ராமர் முழுக்கக் கேட்டார். கடைசியில் பேச்சியம்மாள், "நான் உள்ள போனது தப்புதாண்ணே" என்றதும்,

"உள்ள போனது நானுந்தான்" என்றார்.

மேனேஜர் ரூமுக்கு அவர் மட்டும் போனார். நான் கேட் ஆபீஸில் திருத்தத்தைப் போட்டேன், பாஸ்வேர்டு இரண்டு தடவை தப்பு. நாற்பது நிமிடம் கழித்து வந்தார்.

"செல்லத்தாயி நாளையில இருந்து லேபிள் ஒட்டுற செட்டு. வேலிக்கு வெளியதான், மருந்து கிடையாது. பேச்சியம்மா, நீ பதினாலாம் ரூம்லயேதான். இன்னொருக்கா உள்ள போனேன்னு வையி, நானே வெளிய அனுப்பிருவேன்." பிறகு என்னிடம், "காது கேக்காதுன்னு முதல்லயே சொல்லியிருந்தா நான் சேத்திருக்க மாட்டேன் மேடம். அது உண்மைதான்" என்றார்.

செல்லத்தாயி அழுதாள். பேச்சியம்மாளை விட்டுத் தனியாக உட்கார வேண்டியிருக்கிறது என்பதற்காகவாம்.

அண்ணாச்சியிடம் எல்லாம் சொன்னேன்.

4-5-07, வெள்ளி

கத்திரி ஆரம்பம். நாரணாபுரத்தில் இரண்டாவது ஆலை ஒன்று கேட் புரோகிராம் கேட்கிறது. அண்ணாச்சி காலண்டர் புரோகிராமைத் திறந்துவைத்து, தன் பழைய பகுதியை ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தார். "இதுலயும் மாத்திருவோமா?" வேண்டாம், அங்கே அது சரியாகத்தான் இருக்கிறது என்றேன். நம்பவில்லை போலிருக்கிறது.

தைலம் மறுபடி மறந்துபோனது.

11-5-07, வெள்ளி

பட்டியல் அச்சடிக்கும் பகுதியில் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று கருப்பசாமி கேட்டதால் ஆலைக்குப் போயிருந்தேன். இரண்டே முக்காலுக்கு மணி அடித்துவிட்டார்கள். இடி இன்னும் தூரத்தில்தான் இருந்தது.

முதல் தடவையாக நேரில் பார்க்கிறேன். யாரும் கத்தவில்லை. வேகமான நடை, ஓட்டம் இல்லை, வெறுங்காலில். கைகளெல்லாம் அலுமினியப் பொடியில் வெள்ளி நிறம். அட்டை, பீப், அட்டை, பீப். திரையில் எண்கள் இறங்குகின்றன. கருப்பசாமி ஒவ்வொரு முகத்தையும் நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன்.

பேச்சியம்மாள் வந்தார். அட்டையைக் காட்டினார். வெளியே இரண்டடி வைத்து, பழக்கத்தில் திரும்பி உள்ளே பார்த்து நின்றுவிட்டார். பின்னால் வந்தவள் முட்டிக்கொண்டாள்.

லேபிள் செட்டு வாசலிலிருந்து செல்லத்தாயி ஓடி வந்தாள். பேச்சியம்மாளின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். பெரிய குரலில், நான் அதுவரை கேட்டிராத குரல், எழுத்தெல்லாம் வழுக்கி வழுக்கி: "ஏ, நா இங்கன இருக்கேன்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ராமரும். பேச்சியம்மாள் அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். முதல் வேனில் இருவரும் ஏறினார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. பஸ் வரவில்லை, ஆலை வேனிலேயே சிவகாசி வரை. துப்பட்டா முழுக்க நனைந்துவிட்டது.